வெண்ணெயைத் தின்னுங்க, மாத்திரையை ஏன்யா தூக்கிப் போடுறீங்க?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. எழுதினா ரெண்டு பக்கமும் அடி விழும்னு தெரியும். பேலியோக்காரங்க "அரிசி மில்லுக்காரன் கிட்ட எவ்ளோ வாங்கினே?"ன்னு கேப்பாங்க. டாக்டர் நண்பர்கள் "கணக்கு எழுதுறவனுக்கு இருதயத்துல என்னவே வேலை?"ன்னு கேப்பாங்க. கேட்டுக்கட்டும். எங்க அத்தான் ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு என் கையைப் பிடிச்சுச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக இதை எழுதியே ஆகணும். அந்த வாக்கியத்துக்குக் கடைசியில வர்றேன்.

அத்தான்னா தாய்மாமன் மகன். வடசேரியிலதான் வீடு, வடசேரியிலதான் பட்டறை. கோயில் நகை வேலை. ஊருக்கு வெளியே இருக்கிறவங்களுக்கு வடசேரின்னா பஸ் ஸ்டாண்டும் கனகமூலம் சந்தையும்தான் தெரியும். ஆனா பரதநாட்டியம் ஆடுற பிள்ளைகள் தலையில வைக்கிற சூரியப்பிறை, சந்திரப்பிறை எல்லாம் செஞ்சு கொடுக்கிற தெருக்களும் இங்கதான் இருக்கு. காலையில குனிஞ்சு உட்கார்ந்தா மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிப்பார். சோறுன்னா சும்மா சோறு இல்ல. சம்பா அரிசிச் சோறு மலை மாதிரி. பருப்புக்கு ஒரு தடவை, குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. சாயங்காலம் ஏத்தங்காய் சிப்ஸ், ரெண்டு டீ. நாலு நாளைக்கு ஒருக்கா மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும்.

விளைவு? 54 வயசுல 89 கிலோ. மூணு மாச சர்க்கரை சராசரி 9.1. ட்ரைகிளிசரைட் 280. நல்ல கொழுப்புன்னு சொல்ற எச்டிஎல் வெறும் 35. எல்டிஎல் மட்டும் 104, அதுவும் ராத்திரி ராத்திரி ஒரு ஸ்டாட்டின் மாத்திரை போட்டதால. இன்னொண்ணையும் சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். எங்க மாமா, அதாவது அத்தானோட அப்பா, 52 வயசுல நெஞ்சு வலியில போனவர்.

இந்த நிலைமையிலதான் யாரோ அத்தானை ஒரு வாட்ஸாப் குழுமத்துல சேத்து விட்டாங்க.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடணும். தமிழ்ல பேலியோன்னு சொன்னாலே எல்லாருக்கும் நியாண்டர் செல்வன் ஞாபகம்தான் வரும். பழைய வலைப்பதிவர். அவரோட 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுமமும், கிழக்கு பதிப்பகம் போட்ட 'பேலியோ டயட்' புத்தகமும்தான் 2010களின் நடுவுல இந்த உணவுமுறையை வீடு வீடாக் கொண்டு போச்சு. நூறு பாதாம், பட்டர் டீ, காலிஃப்ளவர் சோறு எல்லாம் தமிழ்ச் சொற்களாவே ஆயிடுச்சு. நான் சொல்ற வாட்ஸாப் குழுமத்துக்கும் அவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இது நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர், தானே குருவாகி, தானே நடத்துறது. பேர் வேண்டாம். பேரைச் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவர் சொன்ன விஷயத்தோடதான் என் சண்டை.

அத்தான் ஆரம்பிச்சார். சோறு கட். கிழங்கு கட். சிப்ஸ் கட். காலையில வெண்ணெய் போட்ட டீ, மத்தியானம் தேங்கா எண்ணெயில வறுத்த கறியோ மீனோ, ராத்திரி நெய்யில நாலு முட்டை, நடுவுல பசிச்சா தேங்காத் துண்டு. அக்கா (அத்தானோட வீட்டுக்காரி) "சோறு இல்லாத வீடு என்ன வீடு"ன்னு அழுதே விட்டாங்க.

ஆறு மாசம். ஆளே மாறிட்டார். 73 கிலோ. சர்க்கரை சராசரி 5.9. சர்க்கரை மாத்திரையை டாக்டரே ஒண்ணொண்ணா நிறுத்தினார். ட்ரைகிளிசரைட் 280ல இருந்து 105. எச்டிஎல் 47. குனிஞ்சு எந்திரிச்சா வர்ற மூச்சு வாங்கல் இல்ல. தெருவுல நாலு பேர் "அண்ணாச்சி, என்ன சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டு அவங்களும் ஆரம்பிச்சாங்க. நானும் அதுல ஒருத்தன்! ராத்திரிச் சோத்தை நான் விட்டது அவரைப் பாத்துதான். இன்னிக்கு வரைக்கும் தொடல. ஆகவே, பேலியோவே ஃப்ராடுன்னு நான் எழுதப் போறேன்னு எதிர்பார்த்து வந்தவங்க இங்கயே இறங்கிக்கலாம் :-)

ஆனா அந்த ரிப்போர்ட்ல இன்னொரு வரி இருந்துச்சு. எல்டிஎல் 221.

ரெண்டு காரணம். ஒண்ணு, சாப்பாட்டுல ஏறின நெய், வெண்ணெய், தேங்கா எண்ணெய். ரெண்டு, குழும குரு சொன்னார்னு ரெண்டு மாசம் முன்னாடியே ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திட்டார். டாக்டர் கிட்ட சொல்லவே இல்ல. ரிப்போர்ட்டைக் குழுமத்துல போட்டு "இது ஏன் ஏறியிருக்கு?"ன்னு கேட்டதுக்கு வந்த பதிலை அத்தான் எனக்குக் காட்டினார். சாராம்சம் இதுதான்: எல்டிஎல் ஒரு பொருட்டே இல்ல, அது மருந்துக் கம்பெனிக்காரன் கட்டின கதை, ட்ரைகிளிசரைடும் எச்டிஎல்லும் நல்லா இருந்தா போதும், பயமுறுத்துற டாக்டரை மாத்துங்க. கீழே முப்பது பேர் கைதட்டுற பொம்மை போட்டிருந்தாங்க.

அந்த முப்பது கைதட்டலோடதான் என் சண்டை. அவங்க சொல்ற ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பாத்துடுவோம்.

முதல் வாதம், தீயணைப்பு வண்டிக் கதை. "தீப்பிடிச்ச எடத்துல தீயணைப்பு வண்டி நிக்கும். அதுக்காக வண்டிதான் தீ வச்சுதுன்னு சொல்வியா? அதே மாதிரி ரத்தக்குழாய்ப் புண்ணை ஆத்த வர்றதுதான் கொலஸ்ட்ரால்." கேக்க நல்லா இருக்கு. பொய்யான உவமைகள் எப்பவுமே கேக்க நல்லாத்தான் இருக்கும்.

இதுக்குப் பதில் பரம்பரையா கொலஸ்ட்ரால் ஏறின குடும்பங்கள்ல இருக்கு. எல்டிஎல்லை ரத்தத்துல இருந்து கல்லீரலுக்குள்ள இழுத்துக்கிற வாசல் ஒண்ணு இருக்கு. அந்த வாசலைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேருக்கு 1985ல நோபல் பரிசு கொடுத்தாங்க. அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் அந்த வாசல் பழுதான பிள்ளைகளுக்குப் பொறந்ததுல இருந்தே எல்டிஎல் பல மடங்கு இருக்கும். சிகிச்சை இல்லாட்டி பத்து, பதினைஞ்சு வயசுலயே மாரடைப்பு வரும். அந்தப் பிள்ளை சிகரெட் பிடிச்சுதா? சர்க்கரை வியாதி இருந்துச்சா? பட்டறையில குனிஞ்சு உட்கார்ந்துச்சா? தீயே இல்லாத வீட்டுல வண்டி மட்டும் வந்து நின்னு, வீடு எரிஞ்சு போயிருக்கு. அப்ப யாரு வச்ச தீ?

தலைகீழாவும் பாக்கலாம். சிலருக்குப் பிறவியிலயே பிசிஎஸ்கே9ங்கிற ஒரு மரபணு வேலை செய்யாது. அவங்களுக்கு எல்டிஎல் வாழ்நாள் முழுக்கக் குறைவா இருக்கும். 2006ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல, இப்படிப் பொறந்த கருப்பின மக்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் கம்மி, இருதயக் குழாய் நோய் 88 சதவீதம் கம்மி. அவங்க எந்த மருந்துக் கம்பெனிக்கும் பைசா கொடுக்கல. பொறக்கும்போதே கையில வாங்கிட்டு வந்த வரம்.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எல்டிஎல் கூடப் பொறந்தவன் சீக்கிரம் சாகிறான், குறையப் பொறந்தவன் தப்பிக்கிறான். மாத்திரை போட்டுக் குறைச்சாலும் அதே திசையிலதான் முடிவு வருது. 2010ல 26 ஆய்வுகளைச் சேத்துப் பாத்த தொகுப்புல எல்டிஎல் சுமார் 39 மி.கி. குறைஞ்சா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய ஆபத்துகள் ஐஞ்சுல ஒரு பங்கு குறையுதுன்னு காட்டினாங்க. இனி தீயணைப்பு வண்டிக் கதையை யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

ரெண்டாவது வாதம்: "பேலியோவுல ஏறுறது பெருசா, பஞ்சு மாதிரி இருக்கிற நல்ல எல்டிஎல். சின்னதா இருக்கிறதுதான் கெட்டது." இதுல கால்வாசி உண்மை இருக்கு. மாவுச்சத்தைக் குறைச்சா துகள் பெருசாகும்ங்கிறது சரிதான். ஆனா பெரிய துகளும் ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள நுழையும். எத்தனை துகள் இருக்குங்கிறதுதான் கணக்கு. ஒவ்வொரு துகள்லயும் அப்போ-பிங்கிற புரதம் ஒண்ணே ஒண்ணு இருக்கும். அதை எண்ணினா துகளை எண்ணின மாதிரி. "என் எல்டிஎல் பஞ்சு"ன்னு சொல்றவர் அந்த டெஸ்டை எடுத்துக் காட்டட்டும். அத்தானோட குழுமத்துல ஒருத்தர்கூட எடுத்ததில்ல. கண்ணால பாக்காமலே பஞ்சுன்னு சர்டிஃபிகேட் கொடுத்தா எப்படி?

மூணாவது வாதம்: "உலகமே ஒத்துக்கிச்சு. டைம் பத்திரிகையே வெண்ணெயை அட்டையில போட்டுச்சு." போட்டுச்சு, 2014 ஜூன்ல. பத்திரிகை அட்டையை நம்பி மாத்திரையை நிறுத்தணும்னா, முந்தி அதே பத்திரிகை கொலஸ்ட்ரால் கெட்டதுன்னும் அட்டை போட்டிருக்கே, அப்ப மட்டும் ஏன் நம்பல?

அட்டையை விட்டுட்டு ஆய்வுக்கு வந்தா, எல்லாரும் தூக்கிக் காட்டுறது ப்யூர் ஆய்வை. 2017ல லான்செட்ல வந்தது. 18 நாடு, 1,35,335 பேர். மாவுச்சத்து ரொம்ப அதிகமாச் சாப்பிட்டவங்க கூடுதலா செத்தாங்க, கொழுப்பு அதிகமாச் சாப்பிட்டவங்க குறைவா செத்தாங்கன்னு முடிவு. நல்ல ஆய்வுதான். ஆனா ஒரு ஊர்ல மாவுச்சத்து ரொம்ப அதிகமாச் சாப்பிடுறவன் பெரும்பாலும் யாரு? மீனும் முட்டையும் பருப்பும் வாங்க வக்கில்லாதவன். வறுமையால செத்தானா சோத்தால செத்தானான்னு இந்த மாதிரி ஆய்வுல முழுசாப் பிரிக்க முடியாது. அதோட, அதுல கொழுப்பு அதிகம் சாப்பிட்டவங்கன்னா மொத்தச் சக்தியில மூணுல ஒரு பங்கு கொழுப்பு. குழும குரு சொல்ற எழுபது, எண்பது சதவீதம் இல்ல.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். ப்யூர் ஆய்வை நடத்தின குழுவுக்குத் தலைவர் சலீம் யூசுஃப், நம்ம பக்கத்து மலையாளி. அதே மனுஷன் 2004ல இன்டர்ஹார்ட்னு 52 நாட்டு ஆய்வையும் நடத்தினார். மாரடைப்புக்கு எது எது காரணம்னு ஒன்பதைப் பட்டியல் போட்டதுல பெரும்பங்கு எதுக்குத் தெரியுமா? அப்போ-பிக்கும் அப்போ-ஏ1க்கும் உள்ள விகிதத்துக்கு. அதாவது நீங்க பொருட்டே இல்லன்னு சொல்ற அந்தத் துகள்களுக்கு. ரெண்டாவதுதான் சிகரெட். ஒருத்தர் செஞ்ச ரெண்டு ஆய்வுல பிடிச்சதை மட்டும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, இன்னொண்ணைக் குப்பையில போடுறது என்ன நியாயம்?

அந்த இன்டர்ஹார்ட்ல இருந்தே நமக்குன்னு ஒரு தகவல். முதல் மாரடைப்பு வர்ற வயசு, மத்த நாட்டுக்காரங்களுக்குச் சராசரி 58.8ன்னா தெற்காசியர்களுக்கு 53. ஆறு வருஷம் முன்னாடியே வருது. நார்வேக்காரன் வெண்ணெய் தின்ன கதையை இங்க சொல்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்கணும்.

நாலாவது, ஆன்சல் கீஸைத் திட்டுறது. "22 நாட்டுக் கணக்கு கையில இருந்தும் ஏழை மட்டும் எடுத்து ஏமாத்தினார்." இதைச் சொல்றவங்க ரெண்டு வேற வேற சமாச்சாரத்தைக் கலந்து குழப்புறாங்க. 1953ல கீஸ் போட்ட வரைபடத்துல இருந்தது ஆறு நாடு. அதைத்தான் 1957ல ரெண்டு பேர் "22 நாட்டுக் கணக்கு இருக்கே, ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஏழு நாட்டு ஆய்வு அதுக்கப்புறம் 1958ல தொடங்கின வேற ஒண்ணு. சரி, கீஸ் அயோக்கியன்னே வச்சுக்குவோம். அதனால பிசிஎஸ்கே9 மரபணு பொய்யாயிடுமா? ஒரு ஆளைத் திட்டுறதால எல்டிஎல் இறங்காது.

நியாயமாப் பேசணும்னா அவங்க பக்கத்துல நிக்கிற ஆதாரத்தையும் சொல்லணும். மின்னசோட்டாவுல 1968 முதல் 73 வரைக்கும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்கிட்ட வெண்ணெய் வகைக் கொழுப்புக்குப் பதிலா சோள எண்ணெய் கொடுத்துப் பாத்தாங்க. கொலஸ்ட்ரால் இறங்குச்சு, சாவு குறையல. 2016ல பழைய கணக்கைத் தோண்டி எடுத்து வெளியிட்டாங்க. உண்மை. ஆனா அதுல சேந்தவங்கள்ல நாலில் ஒரு பங்கு பேர்தான் ஒரு வருஷத்துக்கு மேல அந்தச் சாப்பாட்டுல இருந்தாங்க. இருபது, முப்பது வருஷம் சேர்ற அழுக்கை ஒரு வருஷத்துல கழுவ முடியலன்னா, அழுக்கே இல்லன்னு அர்த்தமா?

இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்கே பெரும்பாலும் தெரியாதது. 1967ல மல்ஹோத்ரான்னு ஒரு ரயில்வே டாக்டர், ரயில்வே ஊழியர்கள் கணக்கை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். நெய்யில மிதக்கிற பஞ்சாப்காரங்களை விட, எண்ணெயும் சோறும் சாப்பிடுற தென்னிந்தியர்களுக்கு மாரடைப்பு ஏழு மடங்குன்னு. அன்னிக்கு இருந்த மருத்துவக் கணக்குகள் எவ்வளவு நம்பகம்ங்கிற கேள்வி இருக்கட்டும். இதை வச்சு நெய் நல்லதுன்னு சொல்றவங்க, இன்னிக்குப் பஞ்சாப்ல இருதய டாக்டர்கள் ஈ ஓட்டிட்டா இருக்காங்கன்னும் பாக்கணும்.

இப்ப நம்ம ஊர் வாதத்துக்கு வருவோம். "எங்க தாத்தா தினம் தேங்கா தின்னார், தொண்ணூறு வயசு இருந்தார்." எலே மக்கா, எங்க தாத்தாவும்தான் தின்னார். தீயல்ல தேங்கா, அவியல்ல தேங்கா, மீன் குழம்புல அரைச்ச தேங்கா. ஆனா அவர் குளத்துக்கு நடந்து, வயலுக்கு நடந்து, சுசீந்திரம் தேருக்கு நடந்து போனவர். தேங்கா எண்ணெய் அன்னிக்குத் தலைக்கு ஊத்தினது பாதி, தாளிச்சது மீதி. டீயில ரெண்டு கரண்டி ஊத்திக் கலக்கிக் குடிக்கல. அதோட, தொண்ணூறு இருந்த தாத்தாவைத்தான் நாம கண்ணால பாத்தோம். அம்பதுல நெஞ்சடைச்சுப் போன தாத்தாக்களை "காத்து அடிச்சுட்டு போயிட்டாரு"ன்னு எழுதிட்டோம்.

கணக்குப் பாப்போம், அது என் தொழில். தேங்கா எண்ணெயில பத்துல ஒன்பது பங்கு கிட்ட நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில ஐஞ்சுல ஒரு பங்குக்கும் கம்மி, நல்லெண்ணெயில அதைவிடக் கம்மி. 2023ல உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பு மொத்தச் சக்தியில பத்து சதவீதம். 2000 கலோரி சாப்பிடுறவனுக்கு அது 22 கிராம். ரெண்டு மேஜைக்கரண்டி தேங்கா எண்ணெயிலயே அது முடிஞ்சுடும். அத்தான் காலை டீயிலயே அம்பது கிராம் வெண்ணெயைப் போட்டு 25 கிராமைத் தாண்டிடுவார். அதுக்கப்புறம்தான் தேங்கா எண்ணெய்க் கறியும் நெய் முட்டையும் ஆரம்பம்.

2020ல 16 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல, தேங்கா எண்ணெய் மத்த தாவர எண்ணெய்களை விட எல்டிஎல்லைச் சராசரியா 10 மி.கி. ஏத்துதுன்னு வந்துச்சு. உடனே "கொச்சி ஆய்வைப் பாரு"ன்னு ஒரு குரல் வரும். பாத்தாச்சு. இருதய நோயாளிகள் 200 பேர், பாதிப் பேருக்குத் தேங்கா எண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய், ரெண்டு வருஷம், 2016ல வெளியானது. வித்தியாசம் எதுவும் இல்லைன்னு முடிவு. குழுமத்துல இதைப் போட்டவர் ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டார். அந்த நோயாளிகள் எல்லாம் வழக்கமான இருதய மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கிட்டுத்தான் ஆய்வுல இருந்தாங்க! மாத்திரையோட தேங்கா எண்ணெய் சாப்பிட்டவங்க கதையை வச்சு, மாத்திரையை நிறுத்தச் சொல்றீங்களே, அடுக்குமா?

சரி, மாவைக் குறைச்சுக் கொழுப்பைக் கூட்டுற உணவுமுறை இருதயத்துக்கு என்னதான் செய்யுது? எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். சர்க்கரை இறங்கும், ட்ரைகிளிசரைட் இறங்கும், எச்டிஎல் ஏறும், எடை குறையும், சிலருக்கு பிபியும் இறங்கும். இதெல்லாம் இருதயத்துக்கு நல்லது. 2018ல அமெரிக்காவுல சர்க்கரை நோயாளிகளை டாக்டர் கண்காணிப்புல ஒரு வருஷம் கீட்டோவுல வச்ச ஆய்வுல ட்ரைகிளிசரைட் 24 சதவீதம் இறங்குச்சு, எச்டிஎல் 18 சதவீதம் ஏறுச்சு. எல்டிஎல்லும் சராசரியா 10 சதவீதம் ஏறுச்சு. சராசரிங்கிறது ஒரு மூடி. அதைத் திறந்தா உள்ள சிலருக்கு இறங்கியிருக்கும், சிலருக்கு ரெட்டிப்பாயிருக்கும். 2024ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வு, குண்டா இருக்கிறவங்களுக்கு அவ்வளவா ஏறல, ஒல்லியா இருக்கிறவங்களுக்குத்தான் ஏறுதுன்னு சொல்லுது. நீங்க எந்த ரகம்னு குழும குருவுக்குத் தெரியாது. லேப்காரருக்குத்தான் தெரியும்.

அதே 2024ல பிரிட்டன் மக்கள் கணக்கை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. மாவு குறைச்சு, கொழுப்பு கூட்டிச் சாப்பிட்ட 305 பேரைச் சாதாரணமாச் சாப்பிட்ட 1220 பேரோட ஒப்பிட்டாங்க. கிட்டத்தட்ட 12 வருஷத்துல இருதய ஆபத்து வந்தது அவங்கள்ல 9.8 சதவீதம், இவங்கள்ல 4.3. ஒரே ஒரு நாள் சாப்பாட்டைக் கேட்டுப் பிரிச்சதால இதையும் நான் வேதவாக்கா எடுத்துக்கல. ப்யூருக்குக் கேட்ட கேள்வியை இதுக்கும் கேட்கணும்ல? ஆனா "ஆபத்தே இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு சொல்றது பச்சைப் பொய்னு காட்ட இது போதும்.

அடுத்தது மாத்திரை பயம். ஸ்டாட்டின் போட்டா சதை வலிக்கும், மூளை மழுங்கும், சர்க்கரை ஏறும்... சர்க்கரை கொஞ்சம் ஏறும்ங்கிறது உண்மை, ஒளிக்க வேண்டாம். சிலருக்குச் சதை வலியும் நிஜம்தான். ஆனா 2020ல லண்டன்ல ஒரு ஆய்வு. மாத்திரை ஒத்துக்கலன்னு நிறுத்தின 60 பேருக்குச் சில மாசம் நிஜ மாத்திரை, சில மாசம் வெறும் மாவு மாத்திரை, சில மாசம் ஒண்ணுமே இல்ல. எது எப்பன்னு சொல்லல. நிஜ மாத்திரையில வந்த தொந்தரவுல 90 சதவீதம் மாவு மாத்திரையிலயும் வந்துச்சு! பயமே பாதி வலி. நெஜமாவே ஒத்துக்கலன்னா அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரை மாத்தலாம். அதுக்கு டாக்டர் கிட்ட வாயைத் திறந்து சொல்லணும்.

டாக்டர்களுக்கும் ரெண்டு வார்த்தை. சும்மா விட முடியாது. இந்தக் குழுமங்களுக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தது நீங்கதான். அத்தான் எட்டு வருஷமா சர்க்கரைக்குப் போயிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம். "சோத்தைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, நடங்க." சோத்தைக் குறைச்சா அந்த எடத்துல எதை வைக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்லல. கேட்டா ஓட்ஸ். நாஞ்சில் நாட்டுக்காரனைப் பாத்து ஓட்ஸ் தின்னுன்னா அவன் வாட்ஸாப் குருகிட்ட போகாம எங்க போவான்? 2025ல வந்த ஐசிஎம்ஆர் - இண்டியாப் கணக்குப்படி நம்ம நாட்டு ஆள் சராசரியாத் தன் சக்தியில 62 சதவீதத்தை மாவுச்சத்துல இருந்து எடுக்கிறான். அதுல கொஞ்சத்தை எடுத்துட்டுப் புரதத்தை வச்சாலே சர்க்கரை ஆபத்து குறையும்னு அதே ஆய்வு சொல்லுது. இதை முதல்லயே உட்கார வச்சுச் சொல்லியிருந்தா பாதிப் பேர் நெய்க் குளத்துல குதிச்சிருக்க மாட்டாங்க. குருவுக்கு ராத்திரி பதினொண்ணுக்கு மெசேஜ் போட்டாலும் பதில் வருது. உங்களைப் பாக்க டோக்கன் எடுத்து மூணு மணி நேரம் காத்திருக்கணும். மக்கள் எங்க போவாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப மிச்சக் கதை. மாத்திரையை நிறுத்திப் பதினாலு மாசம். விடியக்காலை மூணு மணி. அத்தானுக்கு நெஞ்சு நடுவுல கல்லை வச்ச மாதிரி. இடது தாடை வரைக்கும் வலி. வேர்வை. "வாயு"ன்னு சுக்குக் கஷாயம் வச்சுக் கொடுத்திருக்காங்க. 73 கிலோ, சர்க்கரை இல்ல, ஊரே பாத்துப் பொறாமைப்படுற உடம்பு, யாருக்கு மாரடைப்புன்னு தோணும்? ரெண்டு மணி நேரம் போச்சு. அப்புறம்தான் 108. ஒரு குழாயில முழு அடைப்பு, இன்னொண்ணுல எழுபது சதவீதம். ஸ்டென்ட் வச்சுக் காப்பாத்திட்டாங்க. ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துல செத்துப் போன இருதயச் சதை திரும்பி வராது. இப்ப மாடிப்படி ஏறினா நின்னு நின்னு ஏறுறார்.

இது வெண்ணெயாலதான் வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. மாமாவும் 52ல போனவர். எட்டு வருஷச் சர்க்கரை. முப்பது வயசு வரைக்கும் பீடி. ஒரு ஆள் கதை ஆய்வாகாது, குழுமத்துல போடுற "முன்-பின்" போட்டோ ஆய்வாகாத மாதிரியே. ஆனா ஒண்ணு உறுதி. சர்க்கரையும், குடும்பத்துல மாரடைப்பும், 221 எல்டிஎல்லும் உள்ள ஒரு மனுஷனுக்கு எந்தப் புத்தகத்துலயும் "மாத்திரையை நிறுத்து"ன்னு எழுதியிருக்காது. 2024ல இந்திய இருதய மருத்துவர் சங்கம் சொன்ன இலக்கு, ஆபத்து அதிகம் உள்ளவனுக்கு 70க்குக் கீழே. ஏற்கனவே இருதய நோய் வந்தவனுக்கு 55. அவர் அதைப் போல மூணு மடங்குல பதினாலு மாசம் நடமாடினார், முப்பது கைதட்டலை நம்பி.

குழுமத்துல அத்தான் பையன் விஷயத்தைப் போட்டான். அரைமணி நேரத்துல அவனைக் குழுமத்துல இருந்து தூக்கிட்டாங்க. "அவர் சரியா ஃபாலோ பண்ணல, எங்கயோ ஏமாத்திச் சோறு தின்னிருப்பார்"னு ஒரு பதிலாம். எடை குறைஞ்சா டயட்டோட வெற்றி. மாரடைப்பு வந்தா ஆளோட தப்பு. இந்த வியாபாரத்துல நஷ்டமே கிடையாது பாருங்க!

அப்ப என்னதான் செய்யணும்? எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மாவைக் குறைக்கணும்னா தாராளமாக் குறைங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கொழுப்பு டெஸ்ட், மூணு மாசம் கழிச்சு ஒண்ணு. எல்டிஎல் ஏறியிருந்தா "பஞ்சு"ன்னு தேத்திக்காதீங்க. வெண்ணெய் டீயை நிறுத்துங்க, தேங்கா எண்ணெய் எடத்துல கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைங்க. கறிக்குப் பதிலா மீன். கனகமூலம் சந்தைக்குப் போங்க, முருங்கைக்கீரையும் வெண்டைக்காயும் பயறும் கிடைக்கும். சாளையும் அயிலையும் பொரிக்காம குழம்பு வைங்க. பேலியோவுலயே இருதயத்துக்கு நல்லது எதுன்னா அந்த நூறு பாதாம்தான், நெய்யில வறுக்காம தின்னா. இவ்வளவு செஞ்சும் இறங்கலன்னா மாத்திரை. எந்த மாத்திரையையும் எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லாம நிறுத்தாதீங்க. நெஞ்சுல பாரமும் வேர்வையும் வந்தா கஷாயம் வைக்காதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

அத்தான் இப்ப என்ன சாப்பிடுறார்னு கேப்பீங்க. சோறு ஒரு கைப்பிடி, மீன், காய், மோர். மாத்திரை. போன மாசம் எல்டிஎல் 58. சர்க்கரை 6.3. எடை 75. அதாவது, பேலியோ கொடுத்த நன்மையில முக்காலே மூணு வீசம் கையிலயே இருக்கு, மாத்திரையும் கூடவே இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்னு அன்னிக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில அவர் சொன்ன அந்த வாக்கியம்: "கேட்டியா மக்கா, சுகர் இறங்கின சந்தோஷத்துல அந்த இன்னொரு வரியை நான் பாக்கவே இல்லடே."

உங்க ரிப்போர்ட்லயும் அந்த வரி இருக்கும். எடுத்துப் பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, கணக்கு எழுதுறவன். மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ என்னைக் கேக்காதீங்க. வாட்ஸாப்லயும் கேக்காதீங்க.

பி.கு: திட்ட வர்றவங்க தாராளமாத் திட்டுங்க. வரும்போது உங்க அப்போ-பி ரிப்போர்ட்டையும் கையில கொண்டு வாங்க :-)